வண்டி வாங்குமுன் சுமையைக் கணக்கிடுவோம்

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைநாட்டில் மண் சரிந்து, பல குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. வீடு ஓரிடம், மரக்கறிப் பாத்தி வேறிடம் என்று இப்போது வாழ்கிறவர்கள் நம்மில் பலர். முன்பு தலைச்சுமையாகச் சந்திக்குக் கொண்டுபோன லீக்ஸையும் கரட்டையும் இன்று பல கிலோமீற்றர் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது. கூலி வண்டிக்குக் கொடுக்கும் காசைப் பார்க்கும்போது, "நாமே ஒரு பட்டா எடுத்தால் என்ன?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழுகிறது.

பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முற்பணம் எங்கிருந்து வரப்போகிறது? நட்ட ஈடாகக் கிடைத்த பணம், அடகு வைக்கும் நகை, வீடு கட்ட ஒதுக்கிய சேமிப்பு என்பவற்றிலிருந்துதான். அது ஒருமுறை போனால் மறுபடி சேர்ப்பது கடினம். ஆகவே, நமது பகுதியில் வண்டி வைத்திருப்பவர்கள் எதைப் பார்த்து வாங்கினார்கள், வாங்கியபின் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

எந்த வேலைக்கு எந்த வண்டி?

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, ஹட்டன் பக்கங்களில் சிறு சுமை ஏற்றும் வண்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பட்டா. இந்தியாவில் டாட்டா நிறுவனம் 2005ஆம் ஆண்டு "ஏஸ்" என்று அறிமுகப்படுத்திய வண்டியே இங்கு "டிமோ பட்டா" என்ற பெயரில் வந்தது. அதன் முதல் மாதிரிக்கு இரண்டு சிலிண்டர், ஏறத்தாழ 700 சீசீ டீசல் இயந்திரம். ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. உடல் ஒடுக்கமானதால் லயத்துப் பாதையிலும் திரும்பும்; பாத்தி ஓரம் வரை போகும். இதுவே இதன் பெரிய பலம்.

இரண்டாவது, கெப். தோட்டத்துரைமார் ஓட்டும் இரட்டைக் கதவு கெப்பைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. மழைக்காலத்துச் சேற்றுப் பாதையில் நான்கு சக்கரமும் இழுக்கும் கெப்புக்கு நிகரில்லை. ஆனால் பின்னிருக்கைக்கு இடம் கொடுத்ததனால் சாமான் ஏற்றும் தட்டு குட்டையாகிவிடுகிறது. விலையும் அதிகம், டயரும் உதிரிப்பாகமும் அதிகம். ஆட்களையும் கொஞ்சம் சாமானையும் கொண்டுபோகவே அது உகந்தது. கோவா மூட்டை ஏற்றிப் பிழைப்பவருக்கு அது தோதல்ல. ஒற்றைக் கதவு கெப்பில் தட்டு நீளம். வேலைக்கு அதுவே மேல்.

மூன்றாவது, பத்தரை அடி, பதினான்கு அடி என்று தட்டின் நீளத்தைச் சொல்லி விற்கப்படும் லொறிகள். இசுசு எல்ஃப், மிட்சுபிசி கென்டர் முதலியவை இவ்வகை. தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் சுமை கொண்டுபோகிறவர்கள் இவற்றையே வைத்திருக்கிறார்கள். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லொறி ஓட்டுவதற்குச் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் போதாது. சீ 1 வகுப்பு வேண்டும். வீட்டில் அந்த வகுப்பு உள்ளவர் இல்லாவிட்டால் சாரதிச் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கியபின் நடப்பது

வாங்கும்போது எல்லோருடைய மனதிலும் இருப்பது மரக்கறி ஏற்றம்தான். ஆனால் மரக்கறி வாரத்தில் இரண்டு, மூன்று நாட்களுக்கே உண்டு. மற்ற நாட்களில் அந்த வண்டி கோழி எரு ஏற்றுகிறது, விதைக்கிழங்கு ஏற்றுகிறது, விறகும் சீமெந்தும் ஏற்றுகிறது. நள்ளிரவில் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. சாவு வீட்டுக்குக் கதிரை கொண்டுபோகிறது. இவற்றில் பாதிக்குக் காசு வராது, வாங்கவும் மனம் வராது. அயலவருக்கு உதவுவது நல்லதே. ஆனால் வருமானக் கணக்கு எழுதும்போது அந்த நாட்களையும் உழைக்கும் நாட்களாக எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்று, வெறுவண்டி. நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குச் சுமையோடு போகிற வண்டி திரும்பும்போது வெறுமையாக வந்தால், ஒருவழிக் கூலியில் இருவழி டீசல் எரிகிறது. நிலைத்து நிற்கும் உரிமையாளர்கள் அநேகமாகத் திரும்பும் சுமையை முன்கூட்டியே பேசி வைத்தவர்கள். தேங்காய், அரிசி, வெங்காயம், கடைச் சாமான் என்று ஏதோ ஒன்று மலைக்கு ஏறும். அந்தத் தொடர்பு வண்டியோடு சேர்ந்து வருவதில்லை. அதைத் தேடிக்கொள்ள மாதங்கள் பிடிக்கும்.

கடதாசியில் 750, மலையில் எவ்வளவு?

50 கிலோ மூட்டை பதினைந்து என்றால் 750 கிலோ. ஆனால் பட்டாவில் இருபது, இருபத்தைந்து மூட்டை அடுக்குவதை நாம் அன்றாடம் காண்கிறோம். "இழுக்கிறதுதானே" என்பார்கள். இழுப்பதை விட நிறுத்துவதே கடினம் என்பதை மலைநாட்டார் மறக்கலாகாது.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு சதவீத வலுவை இழக்கிறது. கீழ்நாட்டில் நன்றாக ஏறிய வண்டி இங்கே திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்கத்திலோ கதை வேறு. றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது வண்டி ஆயிரம் மீற்றருக்கு மேல் தாழ்கிறது. அவ்வளவு தூரமும் வண்டியையும் சுமையையும் பிடித்து வைக்கும் வேலை பிரேக்கினுடையது. பிரேக் அதை வெப்பமாக மாற்றுகிறது. சுமை ஒன்றரை மடங்கானால் வெப்பமும் அதற்கேற்பக் கூடும். அளவு மீறிச் சூடேறிய பிரேக் வழுக்கத் தொடங்கும். பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி அப்படியே கீழே போய்விடும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்ததை நாம் அறிவோம். அத்தகைய இறக்கங்களில்தான் நமது வண்டிகளும் நாள்தோறும் ஓடுகின்றன.

இதற்கு எளிய விதிகள் உண்டு. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடக் கூடாது. கருகிய மணம் வந்தால் வசதியான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, தானாக ஆற விட வேண்டும். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம். மூட்டைக்கு மேல் ஆட்களை ஏற்றுவதை அடியோடு விட வேண்டும்.

அளவுக்கு மேல் அடுக்குவதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது: அடி மூட்டை நசிகிறது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடைகளில் மட்டுமே ஏற்ற வேண்டுமென்று அரசாங்கம் விதித்தபோது தம்புள்ளையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கூடை வைத்தால் ஒரு நடையில் போகும் சுமை குறையும், வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது லொறிக்காரர் வாதம். அதுவும் பொய்யல்ல. ஆனால் கிட்டிய சந்தைக்குப் போகும் சிறு வண்டிக்கு இத்தொல்லை குறைவு. தக்காளி, போஞ்சி போன்றவற்றைக் கூடையில் கொண்டுபோய்ப் பார்த்து, நசியாத சாமானுக்குக் கிடைக்கும் விலையை ஒப்பிடுவது நல்லது.

லீசிங் கணக்கு

காணி உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. லீசிங் நிறுவனம் வண்டியையே பிணையாகக் கொள்வதால் அங்கே கதவு விரைவில் திறக்கிறது. ஆனால் கடைசித் தவணை கட்டும் வரை வண்டியின் முழு உரிமை நிறுவனத்துக்கே. தவணை தவறினால் வண்டியும் போகும், முற்பணமும் போகும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். மாதத் தவணை 60,000 ரூபா என்று கொள்வோம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், திருத்தவேலை ஆகியவற்றுக்கு மாதம் 15,000 ஒதுக்குவோம். ஆக 75,000. மாதத்தில் பத்து நாள் கூலிச்சுமை கிடைத்தால், டீசல் ஊற்றுமுன்னரே நாளொன்றுக்கு 7,500 ரூபா செலவு. ஐந்து நாள்தான் கிடைத்தால் 15,000. அதே நடைக்குக் கூலி வண்டி எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். கூலி வண்டி மலிவென்றால், சொந்த வண்டி நமக்கு உழைக்கவில்லை. நாமே அதற்கு உழைக்கிறோம்.

கெட்ட காலத்தையும் எண்ண வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது விளைச்சல் விழுந்தது. ஏற்றச் சுமை இல்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த டீசல், ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. காசிருந்தும் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். தவணைகள் சில இடங்களில் தள்ளிவைக்கப்பட்டாலும் கடன் கரைந்துவிடவில்லை.

நாமறிந்த ஒரு குடும்பம் நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் பதினான்கு அடி லொறி எடுத்தது. சொந்தப் பாத்தியின் சரக்கு அதன் தட்டில் பாதியைக்கூட நிரப்பவில்லை. மீதியை நிரப்ப அயலாரின் மரக்கறியைக் கடனுக்கு வாங்கினார்கள். விலை விழுந்தபோது கடன் இரண்டாயிற்று. முடிவில் லொறியைக் கொடுத்துவிட்டு, இன்று கூலி வண்டியில்தான் அனுப்புகிறார்கள். அதே பகுதியில் இரண்டு மச்சான்மார் சேர்ந்து பழைய பட்டா ஒன்றைக் கைக்காசுக்கு வாங்கினார்கள். தம்புள்ளைக்கு அவர்கள் போவதில்லை. பாத்தியிலிருந்து சந்தி வரை பதினொரு வீட்டுச் சுமையை இறக்கிக் கொடுக்கிறார்கள். அங்கிருந்து பெரிய லொறி ஏற்றிச் செல்கிறது. பெரிய லாபம் இல்லை என்கிறார்கள். ஆனால் கடனும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. மூன்று மாதங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுவோம்: எந்த நாள், என்ன சுமை, எத்தனை கிலோ, எங்கே, கூலி எவ்வளவு. மூட்டையை எண்ணினால் போதாது, நிறுத்து எழுத வேண்டும்.

2. சுமை அதிகமான மாதத்தை வைத்து முடிவெடுக்காமல், மிகக் குறைந்த மாதத்திலும் தவணை கட்ட முடியுமா என்று பார்ப்போம்.

3. அயலிலுள்ள ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வண்டியை ஒழுங்காகப் பிடித்தால் கூலி குறையும். கூட்டாக வாங்குவதானால் யார் ஓட்டுவது, திருத்தச் செலவு யாருக்கு, விலகுகிறவருக்கு எவ்வளவு என்பவற்றை வாங்குமுன்னரே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

4. பழைய வண்டியைச் சுமை ஏற்றி, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்க்கட்டும். இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். முழு உரிமையாளராக வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் காசு கொடுக்கக் கூடாது.

5. ஒப்பந்தத்தை நமக்குத் தெரிந்த மொழியில் விளங்கிக்கொள்ளாமல் கையொப்பமிடுவதில்லை என்று உறுதிகொள்வோம். பிணை நிற்கக் கேட்கும் உறவினருக்கும் இதையே சொல்வோம்.

6. வீட்டுக்கென்று வந்த காசை வண்டிக்குத் தொடாதிருப்போம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கணக்குச் சரிவந்தால், தயங்காமல் வாங்கலாம். அன்றாடப் பாதைக்கும் அன்றாடச் சுமைக்கும் அளவான வண்டி, இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு உண்மையான துணை. கணக்குச் சரிவராவிட்டால் அதுவும் நல்ல செய்தியே. ஒரு கொப்பியின் விலையோடு ஒரு பெரிய கடனிலிருந்து தப்பியிருக்கிறோம். அடுத்த சுமை சந்திக்கு இறங்கும் நாளிலிருந்தே எழுதத் தொடங்குவோம்.