நுண்ணிய வலுவை அளத்தல்: வாற்றும் கலோரியும்

நேயர்களே, ஒரு செக்கனில் எவ்வளவு சக்தி செலவாகின்றது என்பதைக் குறிப்பதே வலு. மின்னியலார் அதனை வாற்றில் அளப்பர். வெப்பத்தை ஆராய்ந்தோரோ, செக்கனுக்கு இத்தனை கலோரி, நிமிடத்துக்கு இத்தனை கலோரி என்று நெடுங்காலம் கணக்கிட்டு வந்தனர். இரண்டும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றன என்பதை 1840ஆம் ஆண்டு தொடங்கி ஜேம்ஸ் பிரெஸ்கொட் யூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் சோதனைகளாற் காட்டினார். கம்பியொன்றிற் செக்கனுக்குப் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கிய தொகைக்கு நேர்விகித சமமாகும் என்பது அவர் கண்ட விதி.

இவ்விதியை மிகச் சிறிய அளவொன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். 100 ஓம் தடையுள்ள கம்பியில் ஒரு மில்லியம்பியர் ஓட்டம் செல்கின்றது. அங்கே பிறக்கும் வலு 100 மைக்குரோவாற்று. அதாவது ஒரு வாற்றின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கலோரி 4.1868 யூல் ஆதலால், இதனை 4.1868 ஆல் வகுக்கச் செக்கனுக்கு 23.9 மைக்குரோகலோரி என்ற விடை கிடைக்கும். இவ்வெண்ணைக் கேட்டவுடன் எதுவும் மனத்திற் படியாது. ஆகவே வேறு விதமாகச் சொல்கின்றேன். இவ்வெப்பம் சிறிதும் வெளியேறாதபடி ஒரு கிராம் நீரிற் சேர்க்கப்படுமாயின், அந்நீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்வதற்கு ஏறக்குறைய 11 மணி 38 நிமிடம் செல்லும். ஓட்டத்தை இருமடங்காக்கினால் வலு நான்மடங்காகும். காலமும் மூன்று மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும்.

கலோரி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகள் உண்டு. இரசாயனவியலாரின் கலோரி 4.184 யூல், நீராவி அட்டவணைகளுக்கென வகுக்கப்பட்ட சருவதேசக் கலோரி 4.1868 யூல். வேறுபாடு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கேயாம். நுண்ணிய வலுவை நூற்றுக்கு ஒரு பங்கு திருத்தமாக அளப்பதே அரிதாயிருக்கும்போது, இவ்வேறுபாட்டுக்காக மனம் வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது வேறிடத்தில். மில்லி என்பதை மைக்குரோ என்று வாசித்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். உணவுச் சத்தைக் கூறும் பெரிய கலோரியைச் சிறிய கலோரியாகக் கொண்டாலும் அதே கதிதான். செக்கனுக்கு என்பதை மணிக்கு என்று கொண்டால் பிழை 3600 மடங்காகும். ஒரு மில்லிவாற்று மணிக்கு 0.86 கலோரி என்பதை நினைவில் வைத்திருப்பவர் இத்தகைய பிழையை உடனே கண்டுகொள்வர். இக்குழப்பம் வேண்டாம் என்றே, 1948ஆம் ஆண்டில் நிறைகள் அளவைகள் பற்றிய ஒன்பதாவது பொது மாநாடு, வெப்பத்துக்கும் யூலையே அலகாக ஏற்றது.

காகிதத்திற் செய்யும் மாற்றம் இவ்வளவுதான். ஆனால் அத்துணைச் சிறிய வெப்பத்தை அளப்பது எங்ஙனம்? நாளொன்றுக்கு 2000 பெரிய கலோரி உணவு கொள்ளும் மனிதரின் உடல் சராசரியாக 97 வாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. அதாவது ஏறத்தாழப் பத்துக் கோடி மைக்குரோவாற்று! அளக்க வருபவர் கருவியின் அருகே நின்றாலே போதும், அளவு கெட்டுவிடும்.

இதற்கு அழகியதொரு வழியைச் சுவீடனிலுள்ள உப்சாலா நகரத்து அறிஞர் கனூட் ஓங்ஸ்ற்றோம் 1893ஆம் ஆண்டில் வெளியிட்டார். சூரியக் கதிர்வீச்சை அளப்பதே அவர் நோக்கம். கரிய பூச்சிட்ட, ஒன்றையொன்று முற்றிலும் ஒத்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றின்மீது வெயில் விழும். மற்றையது நிழலில் இருக்கும். அதனூடே மின்னோட்டம் செலுத்தப்படும். தகடுகளின் பின்புறத்தில் வெப்பவிணைகளும், அவற்றோடு ஒரு கல்வனோமானியும் இணைக்கப்பட்டிருக்கும். இரு தகடுகளும் ஒரே வெப்பநிலையை அடையும்போது கல்வனோமானியின் முள் பூச்சியத்தில் நிற்கும். அந்நேரத்து ஓட்டத்தையும் தகட்டின் தடையையும் கொண்டு மின்வலுவைக் கணித்தால், வெயில் தந்த வலுவும் அதுவேயாகும். பின்னர் தகடுகளை இடம்மாற்றி, நிழலிலிருந்ததை வெயிலிலும் வெயிலிலிருந்ததை நிழலிலும் வைத்து மீண்டும் அளப்பர். சுற்றுப்புறக் காற்றின் சூடும், அருகில் நிற்பவரின் சூடும் இரண்டு தகடுகளையும் ஒருங்கே தாக்குவதால், அவை பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். நீரும் வேண்டியதில்லை, வெப்பமானியும் வேண்டியதில்லை. கலோரியை வாற்றாக மாற்றும் வேலையைக் கருவியே செய்துவிடுகின்றது. பழைய முறைப்படி நிமிடத்துக்கும் சதுர சதமமீற்றருக்கும் ஒரு கலோரி என்று வெயிலைக் கூற விரும்புவோர், 69.8 மில்லிவாற்றை ஒரு கலோரியாகக் கொண்டு வகுத்துக்கொள்ளலாம்.

நுண்ணலைகளின் வலுவையும் இம்முறையிலேயே அளக்கின்றனர். அலை சூடாக்கிய சிறு தடையை, அளந்தறிந்த நேரோட்டத்தினால் அதே அளவுக்குச் சூடாக்கி ஒப்பிடுவர். 2003ஆம் ஆண்டில் ஏவப்பட்ட சோர்ஸ் என்னும் அமெரிக்கச் செய்மதியில் இருந்த கதிர்வீச்சுமானியும், வெயிலுக்கு ஈடாக மின்சாரத்தை வைத்தே அளந்தது. வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீற்றரில் விழும் சூரிய வலு ஏறத்தாழ 1361 வாற்று என்று அதனால் தெரியவந்தது. ஓங்ஸ்ற்றோம் காலத்து அலகிற் கூறுவதாயின், நிமிடத்துக்குச் சதுர சதமமீற்றருக்கு 1.95 கலோரி.