35 பேருக்கு ஒரே முகவரி... இன்டர்நெட்டில் இந்தியாவின் பங்கு இவ்ளோதானா?

சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி, வேலை சென்னையில். ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்காக வீட்டில் சிசிடிவி மாட்டியாச்சு. அந்தக் கேமராவை வேறு யார் சர்வரும் இடையில் இல்லாமல் செல்போனில் நேரடியாகப் பார்க்க முடியுமா என்று கேட்டால், "ஸ்டேட்டிக் ஐபி வாங்கணும் தம்பி, அதுக்கு மாசாமாசம் தனியா கட்டணும்" என்பார் நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர்.

வெறும் ஒரு நம்பருக்கு எதற்குக் காசு? அந்த நம்பர்களுக்கு உலகம் முழுக்கவே தட்டுப்பாடு. அதிலும் நமக்குக் கிடைத்தது ரொம்பக் கம்மி.

யாரிடம் எவ்வளவு?

வீட்டுக்குத் தபால் வர கதவு எண் வேண்டும். இன்டர்நெட்டில் அந்த வேலையைச் செய்வது ஐபி முகவரி. ஐபிவி4 என்ற பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அமெரிக்காவிடம் ஏறத்தாழ 160 கோடி. இந்தியாவிடம் சுமார் 4 கோடி. அங்கே தலைக்கு நான்குக்கும் மேல். இங்கே 35 பேருக்கு ஒன்று.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

ஆரம்ப காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். எம்ஐடி, ஃபோர்டு, ஆப்பிள் போன்றவற்றுக்குத் தலா 1.67 கோடி முகவரிகள் போயின. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல், விஎஸ்என்எல் மூலம். 2011 பிப்ரவரி 3-ல் உலகப் பொதுக் கையிருப்பு காலி. நம் ஊர்களில் எல்லோர் கையிலும் 4ஜி வந்தது அதற்கும் பிறகு. பந்தி முடிந்த பிறகு போய் உட்கார்ந்த கதைதான்.

எப்படிச் சமாளிக்கிறோம்?

ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு நெட் கம்பெனிகள் பகிர்ந்து கொடுக்கின்றன. பெரிய அபார்ட்மென்ட்டுக்கு ஒரே கேட் வைத்த மாதிரி. உள்ளிருந்து வெளியே போவதில் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து ஒருவர் நேராக உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதனால்தான் கேமரா காட்சி பெரும்பாலும் கேமரா கம்பெனியின் சர்வரைச் சுற்றி வருகிறது. அதே முகவரியில் யாரோ ஒருவர் தப்பு செய்தாலும், "நீங்கள் ரோபோவா?" என்ற கேள்வி உங்களுக்கும் வரலாம்.

தீர்வு என்ன?

ஐபிவி6. இதில் உள்ள முகவரிகளை எழுத, 34-க்குப் பின்னால் 37 சைபர் போட வேண்டும். தாமதமாக வந்ததில் நமக்கு ஒரு லாபமும் உண்டு: 2016-ல் வந்த ஜியோ புதிய முறையோடுதான் தொடங்கியது. கூகுள் கணக்குப்படி, இந்தியாவிலிருந்து வரும் பயன்பாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இப்போது ஐபிவி6-ல்தான். உலகில் முன்னணி வரிசையில் இருக்கிறோம்.

ஆனால் மொபைல் மாறினால் மட்டும் போதாது. வீட்டு பிராட்பேண்ட், ரூட்டர், கேமரா, இணையதளம் என எல்லாமே மாற வேண்டும். அதுவரை இரண்டு முறையையும் சேர்த்தே ஓட்ட வேண்டும். பழைய முகவரிக்கான தேவையும் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்த முறை ஊர் வீட்டுக்கு ரூட்டரோ கேமராவோ வாங்கும்போது விலையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: "ஐபிவி6 சப்போர்ட் இருக்கா?"