அம்பாசடர் இன்ஜினை எக்செல்லில் சோதிக்கலாம்

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை இன்னும் ஓட்டுகிறீர்களா? பிரீதர் குழாயில் புகை வந்தால் "இன்ஜினை இறக்கணும்" என்பார் மெக்கானிக். அது பெரிய செலவு. சம்மதிக்கும் முன் எக்செல்லைத் திறங்கள்.

பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு ஆயில் பகுதிக்குக் கசிந்து, பிரீதர் வழியே புகையாக வரும். சிறிதளவு கசிவு எல்லா இன்ஜினிலும் உண்டு. எனவே கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் ஒருமுறை அளந்து, பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டு காருக்கு நான் வைத்திருக்கும் ஷீட் இப்படித்தான். ஏ2 முதல் ஏ5 வரை சிலிண்டர் எண். பி-யில் முதல் அளவு, சி-யில் ஆயில் விட்ட பின் அளவு. டி2-வில் சமக்குறி டைப் செய்து சி2-வைக் கிளிக் செய்யுங்கள். வகுத்தல் குறி போட்டு பி2-வைக் கிளிக் செய்து, கழித்தல் 1 என முடித்து என்டர் தட்டுங்கள். டி5 வரை இழுத்து, சதவீத பட்டனை அழுத்துங்கள்.

உதாரணமாக, மூன்று சிலிண்டர்கள் 140, 138, 136 பி.எஸ்.ஐ. காட்ட, 3-வது மட்டும் 95 என்று வைத்துக்கொள்வோம். ஆயில் விட்டதும் அது 132 ஆனால் டி4-ல் 39% வரும். ரிங் அல்லது போர் தேய்ந்துவிட்டது. இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். 95-லேயே நின்றால் வால்வைச் சந்தேகியுங்கள். ஹெட்டைக் கழற்றினால் போதும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். நான்கும் நல்ல அளவில், ஏறக்குறைய சமமாக இருந்தால் முதலில் பிரீதர் அடைப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

ஃபைலைத் தேதியுடன் சேவ் செய்யுங்கள். அடுத்த வருட அளவை அருகில் வைத்தால் தேய்மானத்தின் வேகமும் தெரிந்துவிடும்.