பாட்டுக்கு விலங்கு!

அரசியல் வேறு, கவிதை வேறு. இரண்டையும் கலக்காதீர் என்று உபதேசம் செய்கிற மேதாவிகள் உண்டு. பாட்டு சுடுமா, வெட்டுமா என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது வெள்ளைக்கார சர்க்காருக்குத் தெரிந்திருந்தது!

1921-இல் திருவல்லிக்கேணியில் கண்மூடினார் பாரதி. ஏழாண்டுகள் கழித்து, 1928-இல், பர்மா சர்க்கார் அவருடைய பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்து உத்தரவிட்டது. உயிரோடிருந்தவரை விரட்டியது போதாதென்று, செத்தவர் மீதும் சட்டம் பாய்ந்தது. பர்மாவில் போட்ட உத்தரவுக்குச் சென்னையில் என்ன வேலை என்கிறீர்களா? பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவுப்படி, ஒரு மாகாண சர்க்கார் கெஜட்டில் அறிவித்துவிட்டால் போதும். பிரிட்டிஷ் இந்தியாவின் எந்த மூலையில் அந்த நூல் இருந்தாலும் போலீசார் அள்ளிக்கொண்டு போகலாம். ரங்கூனில் போட்ட கையெழுத்து சென்னையில் கதவைத் தட்டியது! சட்டசபையில் சத்தியமூர்த்தி இந்த அக்கிரமத்தைக் கண்டித்து முழங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், 1907-இல் இதே கவிஞரின் பாட்டுக்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். தீவிரவாதியல்லர், பாரதியின் பேனா விட்டுவைக்காத மிதவாதி! பின்னர் ஐகோர்ட் நீதிபதியாகவே அமர்ந்தவர். அன்று அவருக்கு இனித்தது 1928-இல் சர்க்காருக்கு ஏன் கசந்தது?

பாட்டு மாறவில்லை, பாடியவர்கள் பெருகிவிட்டார்கள். 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அடுத்த ஆண்டு சைமன் கமிஷன் பகிஷ்காரம். கட்டுரையைப் படிக்க எழுத்து தெரியவேண்டும். பாட்டுக்குக் காது போதும். எழுத்தறியாத உழவனும் வண்டிக்காரனும் ஒருமுறை கேட்டால் மறுமுறை பாடுவான். புத்தகத்தைப் பிடுங்கலாம், தொண்டையைப் பிடுங்க முடியுமா?

வெள்ளையன் போன பிறகும் ஒரு பூட்டு மிச்சமிருந்தது. பாரதி பாட்டை ஒலிபரப்பும், இசைத்தட்டில் பதியும் உரிமை தனியார் கையில் கிடந்தது. படத்தில் பாடினால் வழக்கு! தேசத்துக்குப் பாடியவன் பாட்டுக்கு தேசம் வாடகை கொடுப்பதா என்று எழுத்தாளர்களும் ரசிகர்களும் கேட்டார்கள். படமுதலாளி மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூரார் ஆட்சியில் அது பொதுச்சொத்தாயிற்று.

இப்போது மேடைக்கு மேடை பாரதி. ஆளுங்கட்சியாரும் பாடுகிறார், எதிர்க்கட்சியாரும் பாடுகிறார். காசு கேட்பாரில்லை, கைவிலங்கும் இல்லை. எந்தப் பாட்டை எந்த மேடையில் பாடாமல் விடுகிறார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.