அடிமனம் கற்கும் தமிழ்

சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா, பாக்காலா ஆகிய ஊர்களுக்கு உத்தியோக நிமித்தமாக வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. “கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? நாலு வயது ஆகட்டும், தமிழ் சொல்லிக் கொடுக்கலாம்” என்பதே அது. இக்கூற்று பொருந்துமா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

நாம் அறிந்து நினைப்பது மட்டுமே மனத்தின் தொழில் என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அன்று. கண் ஒரு பொருளைக் காணும்போதே நாம் அறியாவண்ணம் மனம் முடிவுகளைச் செய்துகொள்கிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1867-இல் எழுதினார். பிராய்டு கூறிய அடிமனம் அடக்கப்பட்ட ஆசைகளின் இருப்பிடம். நாம் இங்கே குறிப்பது வேறு. இது ஓயாது கணக்குப் பார்க்கும் குமாஸ்தா!

மூன்று வயதுக் குழந்தை “மரத்தை”, “பழத்தை” என்று சொல்லக் கேட்கிறோம். “மரமை” என்று அது சொல்வதில்லை. இடையே ‘அத்து’ என்னும் சாரியை வருமென்பது இலக்கண விதி. தேர்வுக்கு உருப்போட்ட அவ்விதி நம்மில் எத்தனை பேருக்கு இன்று நினைவிருக்கிறது? ஆயினும் நா தவறுவதில்லை. விதியை அறியாமலே விதிப்படி நடக்கும் இவ்வறிவைக் குழந்தைக்குப் புகட்டியவர் யார்?

1996-இல் அமெரிக்காவில் ஜெனி சாஃப்ரன் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர் இருவரும் பொருளற்ற அசைகளை இடைவெளியின்றி இரண்டே நிமிடம் எட்டு மாதக் குழந்தைகளுக்குக் கேட்பித்தனர். எந்த அசையை அடுத்து எந்த அசை மிகுதியாக வருகிறது என்பதொன்றைக் கொண்டே அக்குழந்தைகள் சொற்களைப் பிரித்தறிந்தன.

இதனினும் நமக்கு நெருங்கியது 1984-இல் கானடாவில் வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதப் பருவத்தில் இந்தியின் டகர தகர வேறுபாட்டை எளிதில் உணர்ந்தன. ஓராண்டு நிறையும் முன்னரே பெரும்பாலானவை அத்திறனை இழந்தன; இந்தி கேட்டு வளர்ந்தவை இழக்கவில்லை. கேளாத ஒலியை அடிமனம் கணக்கினின்று தள்ளிவிடுகிறது போலும்! பிற்காலத்தில் பழகினால் வரும். ஆனால் வருந்திப் பழகவேண்டும்.

இக்காலத் தெலுங்கில் ழகரம் இல்லை. வீட்டில் நாம் ஒலித்தாலன்றி அது குழந்தையின் செவிக்கு எங்கிருந்து வரும்? (தமிழ்நாட்டிலேயே பலர் ‘பளம்’ தின்கின்றனர், சித்தூரை மட்டும் குறை கூறுவானேன்?)

இரு மொழி கேட்டால் பிள்ளை குழம்பும் என்பது வீண் அச்சம். 1911-இல் சித்தூர் ஜில்லா அமைந்த நாள்தொட்டு இரு மொழியும் வழங்கும் மண் இது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்த பின்னரும் அவ்வழக்கு அறவில்லை.

கைப்பேசியில் தமிழ்ப் பாட்டை ஓடவிட்டால் போதாதோ என்பார்க்கு ஒரு செய்தி. 2003-இல் பட்ரிசியா கூல் என்னும் அம்மையார் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்பித்தார். ஆள் நேரில் அமர்ந்து பேசி விளையாடியபோது அவை சீன ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் திரைப்படக் கருவியிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளோ ஒன்றும் கற்கவில்லை.