அழுத்தியபின் தப்பும் கணம்

2017 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தைப் படமெடுக்க, என் சிறிய டிஜிட்டல் கமராவுடன் போயிருந்தேன். ஒரு தாய் மகனின் படத்தைத் தலைக்கு மேலே உயர்த்தினார். உடனே பொத்தானை அழுத்தினேன். பதிவானதோ, அவர் படத்தை இறக்கிக் கண்களைத் துடைக்கும் காட்சி.

இந்தத் தாமதத்துக்கு முக்கிய காரணம் தானியங்கிக் குவியம். இத்தகைய கமராக்களில் பல, வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி, காட்சி எங்கே மிகத் தெளிவாகிறது என்று தேடும். வெளிச்சம் குறைந்தால் தேடலும் நீளும். சிவப்புக்கண் தவிர்ப்புக்காக பிளாஷ் முன்கூட்டியே மின்னினால் இன்னும் தாமதம். எடுத்த படத்தை மெமரி கார்டில் எழுதி முடிக்கும்வரை சில கமராக்கள் அடுத்த படத்தை எடுக்கவும் விடா.

வழி எளிது. பொத்தானைப் பாதி அழுத்தி, குவியத்தை நிலைநிறுத்திக்கொண்டு காத்திருங்கள். கணம் வந்ததும் மீதியை அழுத்துங்கள். தேடல் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் தாமதம் பெருமளவு குறையும். இடையில் தூரம் மாறினால் மறுபடி பாதி அழுத்த வேண்டும். தேவையில்லாதபோது பிளாஷை நிறுத்திவையுங்கள்.

அன்று, "அம்மா, இன்னொருக்கா உயர்த்துங்கோ" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்படி எடுத்தால் அது செய்திப்படமாகாது.