குளிர் ஏறவில்லை, வெப்பம் இறங்குகிறது

தைப்பூச நேரத்தில் பத்துமலையில் இரவு தங்கியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தோடு நடந்தே வந்தவர்கள், இடம் கிடைத்த பக்கமெல்லாம் படுத்திருப்பார்கள். பாட்டிமார்கள் கையோடு கொண்டுவந்த பாயை விரிப்பார்கள். சிலர் பழைய நாளிதழையோ அட்டைப்பெட்டியையோ பிரித்துப் போட்டுக்கொள்வார்கள். இளையவர்கள் சிலர் வெறும் சிமெந்துத் தரையில் படுத்து, கைலியை மேலே போர்த்திக்கொள்வார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பைக் குறுக்கிக்கொண்டு எழுந்து உட்காருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம்.

கோலாலம்பூரில் இரவு வெப்பநிலை சுமார் 24 டிகிரி செல்சியஸ். பனியும் இல்லை, உறைபனியும் இல்லை. பிறகு ஏன் குளிர்கிறது?

உடல் என்னும் அடுப்பு

நாம் உண்ணும் உணவை எரித்து உடல் வெப்பத்தை உண்டாக்குகிறது. உறங்கும்போது அது ஏறத்தாழ 80 வாட். ஒரு பழைய குண்டு விளக்கு தரும் வெப்பத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடையில்லாமல் அசையாமல் இருக்கும் ஒருவருக்கு, சுற்றியுள்ள காற்று சுமார் 28 டிகிரியாக இருந்தால் வரவும் செலவும் சமமாகும். அதற்குக் கீழே போனால் செலவு கூடும். ஆகவே, 24 டிகிரியிலும் குளிர்வதில் வியப்பில்லை.

‘தரையிலிருந்து குளிர் ஏறும், பாயைப் போட்டுப் படு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறிவுரை சரியானது. ஆனால், குளிர் என்று ஒரு பொருள் இல்லை. நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. தரை அதைவிடக் குளிர்ந்தது. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே பாயும். எனவே, நம் உடம்பின் வெப்பம்தான் தரைக்குள் இறங்குகிறது.

பாயும் தரையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் பாய் இதமாக இருப்பது ஏன்? அதன் கோரைகளுக்குள்ளும் இடுக்குகளிலும் காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். சிமெந்துக் கான்கிரீட்டின் கடத்துதிறன் அதைப்போல 40 மடங்குக்கும் அதிகம். அட்டைப்பெட்டியின் நெளிவுகளுக்குள் இருப்பதும் இதே காற்றுதான்.

கடைகளில் விற்கும் உறக்கப் பையும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அது காற்றைப் பிடித்து வைக்கும் ஒரு பை, அவ்வளவே. நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பகுதி நசுங்கி, அங்கிருந்த காற்று வெளியேறிவிடும். அதனால்தான் மலையேறுபவர்கள் உறக்கப் பை இருந்தாலும் அடியில் தனியாக ஒரு விரிப்பைப் போடுகிறார்கள்.

ஈர உடை எடுக்கும் வெப்பம்

சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடி, ஈர மஞ்சள் உடையுடன் நிற்கும் பக்தர் காற்று வீசியதும் நடுங்குவார். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. உடையில் 100 கிராம் ஈரம் இருந்தால் 2,40,000 ஜூல். அது முழுவதும் உடம்பிலிருந்தே போவதாகக் கொண்டால், 80 வாட் அடுப்பு 50 நிமிடம் எரிந்து தரும் வெப்பம் அத்தனையும் அதற்கே செலவாகிவிடும்!

கேமரன் மலையில் என்ன செய்வது?

நூறு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.6 டிகிரி வீதம் வெப்பநிலை குறையும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரில் 24 டிகிரியாக இருக்கும் இரவில் அங்கே 15 டிகிரி அளவில் இருக்கும். பள்ளி முகாமுக்குப் போகும் மாணவரிடம் உறக்கப் பை இல்லாவிட்டால், பத்துமலைப் பாடத்தை அங்கே பயன்படுத்தலாம்.

முதலில் அடிப்பக்கம். இரண்டு போர்வை இருந்தால் ஒன்றைக் கீழே போடுங்கள். அட்டை, நாளிதழ், காலியான முதுகுப்பை எதுவும் உதவும். காய்ந்த இலைகளைப் பூச்சி, அட்டை இல்லாமல் உதறி, பெரிய குப்பைப் பையில் அடைத்தால் மெத்தை தயார்.

அடுத்து, ஈரம். பகலில் வியர்த்த உடையோடு படுக்காதீர்கள். காலுறை உட்பட ஓர் உலர்ந்த உடையை நெகிழிப் பையில் கட்டி, இரவுக்கென்றே வைத்திருங்கள். இறுக்கமான ஒரு தடித்த சட்டையைவிட, தளர்வான இரண்டு மூன்று மெல்லிய சட்டைகள் அதிகக் காற்றைப் பிடிக்கும். கூடாரத்தைக் காற்று நேராக அடிக்காத இடத்தில் போடுங்கள். படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிடுங்கள். அடுப்புக்கு விறகு வேண்டுமே!

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு பிணையும். உறங்குபவர் விழிக்காமலே உயிரிழக்க நேரிடும்.

நண்பர் ஒருவர் விடாமல் நடுங்கினால் உடனே கவனியுங்கள். பேச்சு குளறினாலோ, குழம்பினாலோ, குளிரிலேயே நடுக்கம் நின்று சோர்ந்துபோனாலோ உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஈர உடையை மாற்றி, அடியிலும் மேலும் போர்த்தி, ஆசிரியரிடம் சொல்லி 999 எண்ணை அழையுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு தகர டப்பாக்களில் சம அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைச் சிமெந்துத் தரையிலும் மற்றதை மடித்த நாளிதழ் மீதும் வைத்து, இரண்டையும் ஒரே மாதிரித் துணியால் மூடுங்கள். அரை மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். மேலே போர்வை ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் தங்கைக்கோ தம்பிக்கோ விளக்கிச் சொல்லுங்கள்.